துடைப்பம் ஏந்திய துறவி
(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

துறவி என்றதும் காவியும் கமண்டலமும் நம் கண்முன் தோன்றும். கையில் துடைப்பமும் தலையில் உடைந்த மண்கலமுமாய் ஊர் ஊராய்த் திரிந்த துறவி ஒருவரும் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே மகாராட்டிரத்தின் காட்கே மகராஜ்.

1876 பிப்ரவரி 23 அன்று அமராவதி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், சலவைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் தெபுஜி. இளமையிலேயே தந்தையை இழந்து, தாய்மாமன் வீட்டில் மாடு மேய்த்தும் ஏர் பிடித்தும் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. 1905-இல் வீட்டைத் துறந்தார். மண்கலத்தைக் குறிக்கும் மராத்திச் சொல்லே பின்னர் அவர் பெயராயிற்று.

ஓர் ஊருக்குள் நுழைந்ததும் தெருவையும் சாக்கடையையும் துப்புரவு செய்வார். பணி முடியுமுன் எவர் பாராட்டையும் ஏற்கமாட்டார். இரவில் அங்கேயே கீர்த்தனம் நிகழ்த்தித் தீண்டாமையையும் குடியையும் உயிர்ப்பலியையும் சாடுவார். மக்கள் தந்த பொருளைக் கொண்டு பள்ளிகளும் தருமசாலைகளும் எழுப்பினார். 1956 டிசம்பர் 20 அன்று மறைந்தார்.

1986-இல் நடுவண் அரசு தொடங்கிய ஊரகச் சுகாதாரத் திட்டம், கழிப்பறை கட்ட மானியம் தந்தது. 2000-இல் மகாராட்டிர அரசு இப்பெரியாரின் பெயரால் தொடங்கிய கிராமத் தூய்மை இயக்கமோ வேறு வழியில் சென்றது. ஊராட்சிகளுக்கிடையே போட்டி வைத்து, மக்களின் உழைப்பையே முதலாக்கி, சிறந்த ஊர்களுக்குப் பரிசளித்தது. துடைப்பம் ஊராரின் கைக்கே வந்தது.

இவ்வரலாற்றை நான் எழுதக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் ஊராட்சித் தூய்மைப் பணியாளர். நண்பர்கள் கேட்டபோது கூலி வேலை என்று மறைத்தேன். சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் துடைப்பத்தைத் தொடவும் கூசினேன். மலம் கலந்த மண்ணில் வளரும் கொக்கிப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும் என்று வகுப்பில் படித்த அன்று, அம்மாவின் வெறுங்கால்கள்தாம் நினைவில் நின்றன. நான் வெட்கப்பட்ட வேலை, ஊரின் நோயைத் தடுக்கும் வேலை என்று அன்றுதான் உணர்ந்தேன்.

நண்பர்களே! அரசு கழிப்பறை கட்டித் தரலாம். துடைப்பத்தைத் தொடக் கூசும் மனத்தை நாம்தான் கழுவ வேண்டும். பள்ளி காணாத காட்கே மகராஜுக்குத் தெரிந்த இப்பாடம், பட்டம் பெறப்போகும் எனக்குத் தாமதமாகவே விளங்கியது. இவ்வாண்டு முகாமில் முதல் துடைப்பம் என் கையில் இருக்கும். அம்மாவுக்கு ஒரு சோடிச் செருப்பும் வாங்கிவிட்டேன்.