கிட்டார் வாசிக்கத் தெரியாத லியோ ஃபெண்டர்

போன செமஸ்டர்ல நான் ரூமில் உட்கார்ந்து ஒரு வால்வு கிட்டார் ஆம்ப் கட்டினேன். அன்னையிலிருந்து ஜூனியர்ஸ் வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து எந்த சர்க்யூட், என்ன டிரான்ஸ்பார்மர், ஷாக் அடிக்குமா என்று கேட்கிறார்கள். அடிக்கும். அதைப் பிறகு சொல்றேன். முதல்ல அந்த சர்க்யூட்டை உருவாக்கின மனுஷனைப் பற்றித் தெரிஞ்சுக்கோங்க. அவர் கதை தெரிஞ்சா பாதி சந்தேகம் தானா தீர்ந்துடும்.

லியோ ஃபெண்டர் என்றால் கிட்டார் பசங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் எல்லாம் அவர் கம்பெனியில் பிறந்தவை. ஆனால் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கடைசி வரை கற்றுக்கொள்ளவும் இல்லை. எலக்ட்ரானிக்ஸும் அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஜூனியர் காலேஜில் அவர் எடுத்தது அக்கவுண்டிங்!

1909 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியாவில், அனஹைம், ஃபுல்லர்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே இருந்த ஒரு ஆரஞ்சுத் தோட்டத்தில் பிறந்தார். தோட்டம் அப்பா அம்மாவுடையது. எட்டு வயதில் ஒரு கட்டியால் இடது கண் போய்விட்டது. அதற்குப் பதில் கண்ணாடிக் கண் வைத்தார்கள். அவருடைய மாமா ஒருவர் சான்டா மரியா என்ற ஊரில் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். பையனுக்கு 13 வயது இருக்கும்போது, வேண்டாத ரேடியோ பாகங்களையும் ஒரு பேட்டரியையும் பெட்டியில் போட்டு அனுப்பினார். அடுத்த வருடம் லியோ அந்தக் கடைக்கே போனார். மாமா பழைய பாகங்களை வைத்துத் தானே கட்டின ரேடியோ கடை முன்னால் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் லியோவை விடவே இல்லை. ஸ்கூல் படிக்கும்போதே வீட்டில் ரேடியோ ரிப்பேர் ஆரம்பித்துவிட்டார்.

ஆனாலும் படிப்பு முடிந்து போனது கணக்கு எழுதுகிற வேலைக்குத்தான். 1930கள், அமெரிக்கா முழுக்கப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். நெடுஞ்சாலைத் துறையில் இருந்த வேலை போனது. அடுத்து ஒரு டயர் கம்பெனி, ஆறே மாதத்தில் அதுவும் போனது. 1934ல் எஸ்தருடன் கல்யாணம் ஆகியிருந்தது. கையில் வேலை இல்லை. 1938ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார்.

பிளேஸ்மெண்ட் லிஸ்டில் பேர் வராமல் இந்தக் கட்டுரையை எழுதிட்டிருக்கிற எனக்கு, அவர் வாழ்க்கையில் இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். அப்போ அவருக்கு வயசு 28, 29.

கடைக்கு ரேடியோ மட்டும் வரவில்லை. ஊரில் பாட்டுக் கச்சேரி நடத்துகிறவர்கள் மைக் செட்டையும் ஆம்ப்பையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னொருத்தர் செய்த பொருளை வருடக்கணக்கில் திறந்து பார்க்கிறவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: எது முதலில் போகும், அதை மாற்ற எத்தனை ஸ்க்ரூ கழற்றணும், எந்த வயரை எவன் எங்கே ஒளித்து வைத்திருப்பான். லியோவின் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் காலேஜ் இரண்டும் அந்தக் கடைதான்.

போர்க்காலத்தில் கண் காரணமாக அவரை ராணுவத்தில் எடுக்கவில்லை. கடைக்கு வந்துபோன டாக் காஃப்மன் என்ற இசைக்கலைஞருடன் சேர்ந்து 1945ல் மடியில் வைத்து வாசிக்கிற ஸ்டீல் கிட்டாரும் சின்ன ஆம்ப்களும் செய்து விற்றார். ஒரு வருடத்திலேயே காஃப்மன் விலகினார். கடன் ஏறிவிடுமோ என்று பயம். யோசித்துப் பார்த்தால் நியாயமான பயம்தான். லியோ தனியாகத் தொடர்ந்தார், சில வருடங்கள் பணத்துக்குத் திண்டாடவும் செய்தார்.

1950ல் வந்த எலக்ட்ரிக் கிட்டாருக்கு பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அதே உச்சரிப்பில் வேறொரு கம்பெனி டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்ததால், 1951ல் டெலிகாஸ்டர் ஆனது. அதே வருடம் பிரிசிஷன் பாஸ். 1954ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இதெல்லாம் எல்லாரும் எழுதுகிற கதை, நான் ஆம்ப் பக்கம் வர்றேன்.

அந்தக் கால ஃபெண்டர் ஆம்ப்களுக்கு டிராவல் பெட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு மஞ்சள் துணி ஒட்டியிருக்கும், ட்வீட் என்பார்கள். பின்பக்க மேல் பலகையில் நாலு ஸ்க்ரூ கழற்றினால் போதும், மொத்த சர்க்யூட்டும் கண் முன்னால். சேஸியை வெளியே எடுக்கவே வேண்டாம். உள்ளே ஒரு ஃபைபர் போர்டு. அதில் வரிசையாக ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அங்கிருந்து ஒவ்வொரு வால்வ் சாக்கெட்டுக்கும் தனித்தனி வயர். எந்த வால்வ் எங்கே என்று ஒரு சீட்டும் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும். இந்த வயரிங்கைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தாங்கள் முடித்த ஆம்ப்புக்குள் ஒரு துண்டு டேப்பில் பெயரை எழுதி ஒட்டினார்கள். 60 வருடம் கழித்துத் திறக்கிறவர்கள் இன்றும் அந்தப் பெயர்களைப் பார்க்கிறார்கள்.

சர்க்யூட் நம்பரிலும் ஒரு கணக்கு உண்டு. 5எஃப்1 என்று இருந்தால், 5 என்பது 1950களைக் குறிக்கும், எஃப் என்பது எத்தனையாவது திருத்தம் என்பது, 1 என்பது மாடல். 5எஃப்1 தான் சாம்ப், அவர்களிடம் இருந்ததிலேயே சின்னது. ஏ, பி, சி என்று திருத்திக்கொண்டே எஃப் வரை வந்திருக்கிறார்கள் பாருங்க. லியோ புது ஆம்ப்பைப் பக்கத்து கிளப்பில் வாசிக்கிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் திட்டினால் திரும்ப எடுத்து வந்து மாற்றுவார். அவருக்கே வாசிக்கத் தெரியாததால் வாசிக்கிறவர் சொல்வதைக் கேட்டே ஆகணும். 1953ல் சேர்ந்த ஃப்ரெடி டவாரெஸ் ஹவாயில் பிறந்த நல்ல கிட்டார் கலைஞர், லியோவுக்கு இன்னொரு காது மாதிரி. டிக் டேல் என்ற இளைஞர் பல்போவா கடற்கரையில் நடனக் கூடத்தில் வாசித்து, கொடுத்த ஆம்ப், ஸ்பீக்கர் ஒவ்வொன்றாகப் புகைய விட்டார். லியோவும் டவாரெஸும் நேரில் போய்க் கூட்டத்துக்கு நடுவே நின்று கேட்டார்கள். பிறகுதான் 15 இன்ச் ஸ்பீக்கரோடு ஷோமேன் என்ற பெரிய ஆம்ப் வந்தது.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். முதல் ஆம்ப் கட்டுறீங்களா, 5எஃப்1 கட்டுங்க. மூணே வால்வ். 12ஏஎக்ஸ்7 ஒன்று, அதற்குள் இரண்டு ட்ரையோடு. கிட்டார் சிக்னல் முதல் பாதியில் பெருகி, வால்யூம் கன்ட்ரோல் தாண்டி, இரண்டாவது பாதியில் மறுபடி பெருகும். அடுத்து 6வி6, இதுதான் பவர் வால்வ். அதிலிருந்து அவுட்புட் டிரான்ஸ்பார்மர், பிறகு ஸ்பீக்கர். மூணாவது வால்வ் 5ஒய்3, ஏசியை டிசி ஆக்குகிற ரெக்டிஃபையர். வருவது ஏறத்தாழ 5 வாட். கம்மி என்று நினைக்காதீங்க, என் பக்கத்து ரூம்காரர்களைக் கேட்டுப் பாருங்க.

டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது கவனம். அமெரிக்க கிட்டில் 120 வோல்ட் பிரைமரி இருக்கும், நமக்கு 230 வேணும். பழைய ஆம்ப்களில் இரண்டு பின் வயர்தான், எர்த் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் லியோவைப் பின்பற்ற வேண்டாம். மூணு பின் போட்டு எர்த்தை சேஸியில் போல்ட் வைத்து இறுக்குங்க. ஹீட்டருக்குப் போகிற 6.3 வோல்ட் வயர் இரண்டையும் முறுக்கி, சிக்னல் வயரிலிருந்து தள்ளி ஓட்டுங்க, இல்லாட்டி ஹம் கேட்கும். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் பண்ணவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிடும்.

முதல் தடவை ஆன் பண்ணும்போது ரிப்பேர் கடைக்காரங்க வைக்கிற சீரிஸ் பல்பு வைங்க. பழைய குண்டு பல்பு, 60 வாட் போதும். எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரான்ஸ்பார்மர் தப்பிக்கும். முதலில் வால்வ் எதுவும் இல்லாமல் ஹீட்டர் வோல்டேஜ் பாருங்க. பிறகு ஒவ்வொன்றாக மாட்டலாம்.

இனி ஷாக். இந்தச் சின்ன ஆம்ப்பிலேயே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுது. ப்ளக்கைப் பிடுங்கினாலும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் அது நிற்கும். நான் ப்ளக்கைப் பிடுங்கிட்டு, டீ குடிச்சிட்டு வந்து, எல்லாம் இறங்கியிருக்கும் என்று ஒரு ரெசிஸ்டர் காலைத் தொட்டேன். ரெக்டிஃபையர் தவிர மற்ற இரண்டு வால்வும் வெளியே இருந்ததால் சார்ஜ் இறங்க வழியே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஸ்க்ரூடிரைவர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. முழங்கை வரை மரத்துப்போய், ரொம்ப நேரம் விரல் நடுங்கிட்டே இருந்தது. இடது கை சேஸி மேல் இருந்திருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போயிருக்கும், இந்தக் கட்டுரை வந்திருக்காது. அதனால் ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். சில கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட் பண்ணின க்ளிப்பில் மாட்டி, கெப்பாசிட்டரிலிருந்து சேஸிக்கு வைத்து இறக்குங்க. இறக்கிட்டோம் என்று நம்பாதீங்க, மீட்டர் வைத்துப் பாருங்க. ராத்திரி தனியாக உட்கார்ந்து இந்த வேலை செய்ய வேண்டாம்.

சாம்ப் கட்டி முடித்தவர்கள் அடுத்து ஆசைப்படுவது 5எஃப்6-ஏ. அது பாஸ்மேன், பாஸ் கிட்டாருக்காகச் செய்தது, நாலு 10 இன்ச் ஸ்பீக்கர். ஆனால் சாதா கிட்டார் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் கடைக்காரரும் அவர் ஆட்களும் ஒரு பாஸ்மேனைத் திறந்து, கிட்டத்தட்ட அப்படியே கட்டினார்கள். மார்ஷல் கம்பெனியின் முதல் ஆம்ப் அதுதான். ராக் இசையின் சத்தத்தில் பாதி இப்படி ஒரு பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்ததில் வந்தது என்று நான் சொல்வேன்.

லியோவோ அந்த நேரத்தில் உடம்பு முடியாமல் இருந்தார். 1950களின் நடுவில் வந்த சைனஸ் தொற்று வருடக்கணக்கில் விடவில்லை. இனி அதிக நாள் இல்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டார். 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். பத்து வருடம் போட்டித் தொழில் செய்ய மாட்டேன் என்று ஒப்பந்தம். பிறகு ஒரு டாக்டர் மாற்றின மருந்தில் நோய் சரியாகிவிட்டது! 600 டாலரில் தொடங்கினது கையை விட்டுப் போயாச்சு, ஆளோ நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார். என்னால் இந்த இடத்தை இன்னும் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மியூசிக் மேன் கம்பெனியின் தலைவரானார். அங்கே வந்த ஆம்ப்களில் முன்பாதி டிரான்சிஸ்டர், பவருக்கு மட்டும் வால்வ். வால்வ்தான் தெய்வம் என்கிற கிட்டார் அண்ணன்களிடம் இதை நான் அடிக்கடி சொல்லி வம்பு வளர்ப்பேன். 1979ல் எஸ்தர் இறந்தார். அதையொட்டிய காலத்திலேயே பழைய சகா ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல் தொடங்கினார். ஜார்ஜ், லியோ, அவ்வளவுதான் பெயர் விளக்கம். மறுமணம் செய்துகொண்டார். பார்க்கின்சன்ஸ் நோய் வந்து கை நடுங்கத் தொடங்கிய பிறகும் தினமும் தன் லேபுக்குப் போனார். 1991 மார்ச் 21 அன்று இறந்தார். முந்தின நாள்கூட வேலைக்கு வந்திருந்தார். ஃபுல்லர்டனில் அந்த அறையை அவர் விட்டுப்போன மாதிரியே வைத்திருந்தார்கள்.

என் சாம்ப்பில் இன்னும் கொஞ்சம் ஹம் இருக்கு. கிரவுண்ட் பாயிண்ட்டை இன்புட் ஜாக் பக்கம் மாற்றிப் பார்க்கணும். பின்பலகைக்கு நாலே ஸ்க்ரூ போட்டிருக்கேன். உள்ளே ஒரு டேப் துண்டில் என் பெயரும் தேதியும் இருக்கு. பார்க்கணும்னா ரூமுக்கு வாங்க. ப்ளக்கைப் பிடுங்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு திறந்து காட்டுறேன்.