புளூரினைப் பிடித்த மாவீரர்!

தனிம அட்டவணையில் 9-வது இடத்தில் இருக்கிற புளூரினைப் பார்த்திருப்பீங்க. அதைத் தனியாகப் பிரிக்கப் போய் எத்தனை பேர் கஷ்டப்பட்டாங்க தெரியுமா? பெல்ஜியத்தின் லூயெட், பிரான்சின் நிக்லெஸ் இருவரும் ஹைட்ரஜன் புளூரைடின் நஞ்சால் உயிரையே விட்டார்கள். அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள்.

கடைசியில் வென்றவர் ஹென்றி முவாசான். 1852 செப்டம்பர் 28-ல் பாரிசில் பிறந்தார். அப்பா ரயில்வே ஊழியர். பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான சான்றிதழ் இல்லாமலே 1870-ல் பள்ளியை விட்டவர், மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனா படிப்பை விடலை! பிறகு முயன்று அந்தத் தேர்விலும் தேறினார்.

நீர் கலக்காத ஹைட்ரஜன் புளூரைடில் மின்சாரம் பாயாது. நீர் கலந்தால் புளூரின் கிடைக்காது. என்ன செய்வது? பொட்டாசியம் பைபுளூரைடு என்ற வெள்ளை உப்பை அதில் கரைத்தார். மின்சாரம் பாய்ந்தது! கண்ணாடியை அரித்துவிடும் என்பதால் பிளாட்டினக் குழாயைப் பயன்படுத்தினார். 1886 ஜூன் 26-ல் புளூரின் வெளிவந்தது. அதில் பட்ட சிலிக்கன் குப்பென்று தீப்பிடித்தது.

இதைச் சோதிக்க அறிவியல் கழகத்திலிருந்து மூன்று பேரறிஞர்கள் வந்தார்கள். அன்று பார்த்து ஒன்றுமே வரலை! முவாசான் சோர்ந்துவிடவில்லை, காரணத்தைத் தேடினார். பெரியவர்கள் வருகிறார்களே என்று திரவத்தை மிகச் சுத்தமாகத் தயாரித்திருந்தார். அதனால் அந்த உப்பு அதில் இல்லாமல் போயிருந்தது. உப்பைச் சேர்த்ததும் புளூரின் வந்தது.

1906-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். சில வாரங்களிலேயே, 1907 பிப்ரவரி 20-ல், 54 வயதில் காலமானார்.

அந்த உப்பு இன்றும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறது. கண்ணாடியில் வேலைப்பாடு செய்யவும், உலோகங்களைப் பற்றவைக்கவும், புளூரின் தயாரிக்கவும் உதவுகிறது. ஆனா உஷார்! பார்க்கச் சாதாரண உப்பு மாதிரி இருக்கும். ஈரம் பட்டால் அமிலமாகி, தோலுக்குள் இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி தாமதமாகக்கூடத் தெரியலாம். பட்ட உடனே நிறைய தண்ணீரில் கழுவி, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே கால்சியம் குளுக்கோனேட் மருந்து தருவார்கள். இதைக் கண்ணாடிப் புட்டியில் வைக்கவே கூடாது, பிளாஸ்டிக்தான் சரி.

நம்ம ஆய்வகத்திலும் பெயர் ஒட்டாத புட்டியைத் தொடாதீங்க. சோதனை சரியா வரலைன்னா முவாசானை நினைச்சுக்குங்க. எதை விட்டோம்னு தேடுங்க, விடை கிடைக்கும்!