ஆர். நடராஜ முதலியாரின் திரைவாழ்வும் சுருக்கக் கதைப்பட மரபுகளும்

ஆய்வுச் சுருக்கம்

வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார் (1885–1972) தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படத்தை உருவாக்கியவராக அறியப்படுகிறார். அவர் எடுத்த படங்களுள் ஒன்றேனும் இன்று கிடைக்கவில்லை. அதனால் முதல்வர் என்னும் பெருமை மட்டுமே பேசப்படுகிறது. அவர் கையாண்ட முறைகள் பேசப்படுவதில்லை. ஒரே நிகழ்ச்சி, சில பாத்திரங்கள், குறைந்த சொற்கள், வரையறுத்த இடம் என்று இன்றைய குறும்படம் கைக்கொள்ளும் மரபுகள் அவரது தொழில்வாழ்வில் எவ்வாறு செயற்பட்டன என்பதை அவரது வாழ்க்கை வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல்களில் நடராஜ முதலியாரின் பெயர் தொடக்கப் பக்கங்களில் இடம்பெறுகிறது. கீசக வதம் எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1916, 1917, 1918 ஆகிய மூன்று ஆண்டுகளும் குறிக்கப்படுகின்றன. ஆய்வாளர் கவனம் பெரிதும் இவ்வாண்டுச் சிக்கலிலேயே நின்றுவிட்டது. படம் அழிந்திருப்பினும் அது உருவான சூழல், பயன்பட்ட கருவிகள், செலவு, கதைத் தேர்வு ஆகியன குறித்த செய்திகள் எஞ்சியுள்ளன. இன்றைய குறும்படத்திற்கு அவரை நேரடி முன்னோடியாக நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சுருக்கிச் சொல்லும் கலைக்கு அவர் காலத்துத் தேவைகள் எவ்வாறு வழிவகுத்தன என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

வேலூர்ப் பின்புலமும் வணிகமும்

நடராஜ முதலியார் 1885இல் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த வேலூரில் பிறந்தார். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இப்பகுதி தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றது. பாரதக் கூத்து வேரூன்றிய நிலமும் இதுவே. திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பாரதப் பிரசங்கமும் தெருக்கூத்தும் நிகழ்வது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம்.

சென்னையில் குடியேறிய அவர், உறவினர் எஸ். எம். தர்மலிங்க முதலியாருடன் கூட்டாக மிதிவண்டி வணிகம் நடத்தினார். பின்னர் ரோமர் டான் என்னும் நிறுவனத்தை வாங்கி, அமெரிக்க மோட்டார் வண்டிகளை விற்றார். நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்களுக்கு மாறாக, இயந்திரப் பழக்கமும் வணிகக் கணக்கும் உடையவராகவே அவர் இத்துறைக்கு வந்தார். இவ்வேறுபாடு அவரது பணிமுறையை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகிறது.

தொழில்நுட்பப் பயிற்சியும் படப்பிடிப்புத் தளமும்

1913இல் வெளிவந்த ராஜா ஹரிச்சந்திராவைத் தொடர்ந்து தாதாசாகேப் பால்கேயின் படங்கள் நாடெங்கும் பரவின. அவற்றால் ஈர்க்கப்பட்ட முதலியார், பூனாவில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் பயிற்சி பெற்றார். கர்சன் பிரபுவின் ஆட்சிக்கால நிகழ்வுகளைப் பதிவுசெய்த ஆவணப்படத்தில் பணியாற்றியவர் ஸ்மித். தஞ்சையைச் சேர்ந்த மூப்பனார் ஒருவரிடமிருந்து 35 மி.மீ. ஒளிப்பதிவுக் கருவியையும் படியெடுக்கும் கருவியையும் முதலியார் வாங்கினார். புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா பிலிம் கம்பெனி என்னும் பெயரில் படப்பிடிப்புத் தளம் அமைத்தார்.

அத்தளத்தில் கூரைக்கு மாற்றாக மெல்லிய வெள்ளைத் துணி கட்டப்பட்டது. அதனூடே வடிந்து இறங்கிய சூரிய வெளிச்சமே படப்பிடிப்பின் ஒளியாயிற்று. எனவே கதையில் இரவாக அமைந்த காட்சியையும் பகலிலேயே எடுக்க வேண்டியிருந்தது. கீசகன் கொல்லப்படுவதோ இரவில், இருண்ட நடனசாலையில். அவ்விருளைப் பார்வையாளர் மனத்தில் தோற்றுவிக்கும் பொறுப்பு நடிப்பின்மீதும் கதைச்சூழலின்மீதும் விழுந்தது. கருவியால் காட்ட இயலாததைக் குறிப்பால் உணர்த்துதல் சுருக்கக் கதைப்படத்தின் அடிப்படை மரபு. இங்கு அது தேவையின் விளைவாகத் தோன்றியது.

கதைத் தேர்வும் கூத்து மரபும்

கதைத் தேர்வு குறித்து முதலியார் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் ஆலோசனையைப் பெற்றார். முதல் முயற்சிக்கு இக்கதை பொருந்தாது என்று உறவினர் சிலர் தடுத்தும் விராட பருவத்துக் கீசக வதமே தேர்ந்தெடுக்கப்பட்டது. சுகுணவிலாச சபையின் நடிகர் ரங்கவடிவேலு நடிகர்களைப் பயிற்றுவித்தார். ராஜு முதலியார் கீசகனாகவும் ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தனர். அடுத்து எடுக்கப்பட்ட படம் திரௌபதி வஸ்திராபஹரணம். அதில் திரௌபதியாக ஆங்கிலோ-இந்தியப் பெண் ஒருவர் நடித்தார்.

இவ்விரு கதைகளும் வடஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் தனித்தனி இரவுகளுக்கு உரியவை. முன்னது கீசக வதம் என்னும் பெயரிலும் பின்னது பகடைத்துகில் என்னும் பெயரிலும் ஆடப்படுகின்றன. கூத்து, பாரதம் முழுவதையும் ஓரிரவில் சொல்ல முயல்வதில்லை. ஒரு நிகழ்ச்சியை எடுத்து அதன் உச்சத்தை நோக்கி நகர்கிறது. பாண்டவர் ஏன் மறைந்து வாழ்கின்றனர், சைரந்திரி யார், மடைப்பள்ளியில் பணிபுரியும் வீமனுக்கு அவள்மீது என்ன உரிமை என்பனவற்றைப் பார்வையாளர் முன்னரே அறிவர். கதையின் நடுவில் தொடங்குவதற்கும் பாத்திர அறிமுகத்தைத் தவிர்ப்பதற்கும் இவ்வறிவே இடமளிக்கிறது. ஒலியற்ற திரைக்கு இம்மரபு மிகவும் இசைந்தது. பம்மலாரின் ஆலோசனை சபா நாடக உலகிலிருந்து வந்ததாயினும், தேர்வான கதையின் அலகு பாரதக் கூத்தின் அலகாகவே அமைந்திருப்பது கருதத்தக்கது.

எழுத்து அட்டைகள்

மௌனப்படத்தில் உரையாடலின் இடத்தை எழுத்து அட்டைகள் நிரப்பின. கீசக வதத்திற்குத் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிகளில் அட்டைகள் அமைக்கப்பட்டன. இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி. ஒவ்வோர் அட்டையும் படச்சுருளில் இடம்பெறுவதால் செலவைக் கூட்டுவது. காட்சியின் ஓட்டத்தை நிறுத்துவது. ஆகவே காட்சியால் விளங்காதவற்றை மட்டுமே எழுத்தால் சொல்ல வேண்டும் என்னும் கட்டுப்பாடு மௌனப்படக் கலைக்கு இயல்பாயிற்று. உரையாடலைக் குறைத்துக் காட்சியை நம்பும் இன்றைய குறும்படமும் இதே நெறியைப் பின்பற்றுகிறது.

சுருளின் அளவும் கழுவும் தொழிலும்

கீசக வதம் ஏறத்தாழ 35 நாள்களில், 35,000 ரூபாய்ச் செலவில் எடுக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 6,000 அடி. 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள் அடங்கும். நொடிக்கு 16 சட்டங்கள் என்னும் அக்கால வேகத்தில் ஓர் அடி ஒரு நொடிக்குச் சமம். 1,000 அடிச் சுருள் பதினாறரை நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். முழுப்படம் 100 நிமிடம் ஓடும். ஒற்றை ஒளிபெருக்கி கொண்ட அரங்குகளில் சுருள் மாற்றுவதற்குக் காட்சியை நிறுத்த வேண்டும். எனவே சுருள் ஒவ்வொன்றும் தன்னளவில் சுவை குன்றாத அலகாக அமைவது வணிக நோக்கிலும் தேவையாயிற்று. இன்று குறும்படத்திற்கு உரியதாகக் கருதப்படும் கால அளவு ஏறத்தாழ இந்த ஒரு சுருளின் அளவே.

எடுத்த படத்தைக் கழுவும் கூடம் பெங்களூரில் இருந்தது. வார இறுதிதோறும் முதலியார் அங்குச் சென்றுவந்தார். ஒளியுணர் படலத்தைத் தாங்கும் ஜெலட்டின் விலங்குத் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. வெப்பமிகுந்த நீரில் இளகிவிடும். சென்னையினும் குளிர்ந்த பெங்களூர் இப்பணிக்கு ஏற்றதாயிருந்தது. சென்னை–பெங்களூர் இருப்புப்பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்வது. தாம் பிறந்த தோல்தொழில் வட்டாரத்தைக் கடந்தே அவரது சுருள்கள் கழுவப்படச் சென்றன. எடுத்த காட்சி சரியாக அமைந்ததா என்பது சுருள் கழுவப்பட்ட பின்னரே தெரியும். பிழை நேரின் அக்காட்சியை மீண்டும் எடுக்க வேண்டும். இந்நிலையில் முன்திட்டமும் ஒத்திகையும் இன்றியமையாதனவாயின. சபா நடிகர் ஒருவரைப் பயிற்சிக்கு அமர்த்தியதன் பொருத்தம் இங்குப் புலனாகிறது.

வெற்றியும் இழப்பும்

சென்னை எல்பின்ஸ்டன் அரங்கில் திரையிடப்பட்ட கீசக வதம், பின்னர் பர்மா, இலங்கை, மலாய் நாடு, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கும் சென்றது. வசூல் 50,000 ரூபாய். ஆதாயம் 15,000 ரூபாய். இதனைத் தொடர்ந்து லவகுசா, ருக்மணி சத்யபாமா, மார்க்கண்டேயா, மயில்ராவணன் முதலிய புராணப் படங்களை அவர் எடுத்தார். படப்பிடிப்புத் தளம் தீக்கிரையானதும் மகனின் மறைவும் அவரைத் தளர்த்தின. 1923இல் திரைத்தொழிலிலிருந்து விலகினார். தமிழில் பேசும்படம் தோன்றியது 1931இல். அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் அவர் திரைத்துறைக்குத் திரும்பவில்லை. 1972இல் மறைந்தார்.

அக்காலச் சுருள்கள் நைட்ரேட் செல்லுலாய்டால் ஆனவை; எளிதில் தீப்பற்றுபவை; பேணாவிடின் தாமே சிதைபவை. இந்திய மௌனப்படங்களுள் பெரும்பான்மை இவ்வாறே மறைந்தன.

முடிவுரை

நடராஜ முதலியாரின் வாழ்வை நோக்கும்போது, சுருக்கக் கதைப்பட மரபுகள் இரு மூலங்களிலிருந்து பிறந்தமை தெளிவாகிறது. ஒன்று, சுருள், சூரிய வெளிச்சம், கழுவும் கூடத்தின் தொலைவு, பன்மொழிப் பார்வையாளர் ஆகியவை விதித்த பொருள்நிலை வரம்பு. மற்றொன்று, கதையை முன்னரே அறிந்த பாரதக் கூத்துப் பார்வையாளர் மரபு. குறும்பட இலக்கணத்தை மேலைநாட்டுக் கையேடுகளைக் கொண்டு மட்டும் விளக்கும் போக்கு இரண்டாவது மூலத்தைக் காணத் தவறுகிறது. கிடைக்காத படத்தின் ஆண்டை மட்டும் ஆராய்வதோடு அமையாமல், வடஆர்க்காட்டில் இன்றும் ஆடப்படும் கீசக வதம், பகடைத்துகில் கூத்துகளின் காட்சி அமைப்பை மௌனப்படக் கதை அமைப்போடு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். படச்சுருள்கள் அழிந்துபோயினும், அவற்றுக்குக் கதை தந்த கூத்து இன்னும் வாழ்கிறது. ஆய்வுக்குரிய சான்று அங்கே உள்ளது.