சீ.இரா. இரங்கநாதனும் ஆய்வுகளுக்கிடையிலான உறவுத் தேடலும்

ஓர் ஆய்வுக்கட்டுரையை நடுவில் நிறுத்தி, அதனோடு நெருங்கியவற்றை அருகிலும் விலகியவற்றைத் தொலைவிலும் புள்ளிகளாக வரைந்து காட்டும் மென்பொருள்கள் இன்று ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன. கணினி நூலகங்களுக்குள் வருவதற்கு முன்பே இத்தகைய அமைப்பை நூல் அடுக்குகளில் உருவாக்க முனைந்தவர், சீர்காழியில் 1892இல் பிறந்த சீ.இரா. இரங்கநாதன். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தவராகவே பெரிதும் அறியப்படும் அவர்தம் வாழ்வை இக்கட்டுரை உறவுத் தேடல் என்னும் நோக்கில் அணுகுகிறது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, அரசுக் கல்லூரிகளில் அதனையே கற்பித்துவந்த இரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அப்பணி அவருக்கு முதலில் உவப்பாக இல்லை. வகுப்பறைக்கே திரும்ப விழைந்தார். இலண்டனில் பெற்ற பயிற்சி அவர் மனத்தை மாற்றியது. முன்கூட்டியே எண்ணிட்டு வைத்த பட்டியலில் புதிய கூட்டுப்பொருள்களுக்கு இடமில்லை என்பதை அங்கு உணர்ந்தார். அங்காடி ஒன்றில், சில துண்டுகளைக்கொண்டு பற்பல உருவங்களை ஆக்கும் மெக்கானோ விளையாட்டுக் கருவியைக் கண்டபோது அவருக்கு விடை புலப்பட்டது. கணித ஆசிரியரின் கண்ணுக்கே அது விடையாகத் தோன்றியிருக்கும் எனலாம்.

1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை இதன் விளைவாகும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பொருளொன்றையே சான்றாகக் கொள்வோம். திண்டிவனம் வட்டாரத்து மணிலாப் பயிரின் துருநோய்த் தடுப்பு என்னும் பொருள், பயிர், நோய், தடுப்பு, இடம் எனக் கூறுகளாகப் பிரிந்து, குறியீடுகளால் மீண்டும் இணையும். ஆகவே அது மணிலா பற்றிய பிற நூல்களோடும் உறவு கொள்கிறது. துருநோய் பற்றியவற்றோடும் உறவு கொள்கிறது. அடுக்கில் இவை நிற்கும் முறையை விளக்கக் கிரகணச் சொற்களை அவர் கையாண்டார்: நடுவே கருநிழல், இருபுறமும் புறநிழல், அப்பால் அயல். மேற்கூறிய வரைபடத்தின் வடிவமும் ஏறத்தாழ இதுவே.

பின்னர்க் காசி, தில்லி, சூரிக் எனப் பணிக்களம் மாறியது. வாழ்நாள் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் இருக்கை அமைய வழங்கினார். 1962இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். 1972இல் அந்நகரிலேயே மறைந்தார்.

இன்றைய மென்பொருள்கள் வேறொரு மரபின் வழிவந்தவை. 1955இல் யூஜின் கார்ஃபீல்டு முன்வைத்த மேற்கோள் அடைவு, 1963இல் கெஸ்லர் வகுத்த பொதுத்துணைநூல் அளவீடு, 1973இல் ஹென்றி ஸ்மால் விளக்கிய இணைமேற்கோள் ஆகியவை அடிக்குறிப்புகளிலிருந்தே உறவைக் கணக்கிடுகின்றன. தமிழாய்விதழ்களின் அடிக்குறிப்புகளுள் பெரும்பாலானவை இக்கணினித் தரவுகளில் ஏறவில்லை. எனவே தமிழ்க் கட்டுரை ஒன்று எத்துணைச் சிறப்புடையதாயினும் அவ்வரைபடத்தில் புள்ளியாகக்கூடத் தோன்றாமல் போகலாம். இரங்கநாதன் முறையிலோ, எவரும் எடுத்தாளாத கட்டுரைக்கும் அதன் பொருளாலேயே இடம் உண்டு. அதன் குறியீடு கடினமானது, பகுப்பவரின் உழைப்பை மிகுதியும் வேண்டுவது என்பதும் உண்மையே; நம் கல்லூரி நூலகங்கள் பலவும் டியூயி முறையையே பின்பற்றுகின்றன. ஆயினும் தமிழாய்வுகளுக்கென உறவு வரைபடம் வரைய முற்படுவோர் அடிக்குறிப்புகள் தரவேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தலைப்புகளைக் கூறுகளாகப் பகுப்பதிலிருந்தே தொடங்கலாம்.