டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் நம் கையிலுள்ள ரிப்போர்ட்டும்



மேமோகிராம் எடுத்துவிட்டு வந்த நம் சகோதரிகள் சிலர், ரிப்போர்ட்டில் மார்பகத் திசு அடர்த்தியாக உள்ளது என்ற வரியைப் பார்த்ததும் தூக்கத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். யாரிடமும் சொல்லாமல் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிடுவதும் உண்டு. அவர்களுக்காக இந்த இதழில் ஒரு வாழ்க்கைக் கதை.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, பிறகு 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். 1930-ல் ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லம் தொடங்கினார்.

இத்தனை சாதித்தவரின் மனதில் ஆறாத காயம் ஒன்று இருந்தது. அவருடைய தங்கை இளம் வயதிலேயே புற்றுநோய்க்குப் பலியானார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்நோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று பலரும் நினைத்த காலம் அது. அவர் விடவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 67! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1968-ல் அவர் மறைந்தார்.

இனி உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அடர்த்தி என்பது நோயல்ல. கொழுப்பு குறைவாகவும் மற்ற திசுக்கள் அதிகமாகவும் இருப்பதுதான் அது. தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகக் குறிப்பார்கள். சி, டி இரண்டும் அடர்த்தியானவை. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் அலட்சியம் வேண்டாம். படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. எனவே கட்டி மறைந்துவிடலாம். நோய் வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல். அல்ட்ராசவுண்ட் தேவையா, அடுத்த பரிசோதனை எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பயம் வருவது இயல்பு. அதை ஒளித்து வைப்பதுதான் ஆபத்து. தங்கையை இழந்த ஓர் அக்கா கட்டிய ஆஸ்பத்திரி நம் ஊரிலேயே இருக்கிறது. பீரோவைத் திறந்து அந்த ரிப்போர்ட்டை வெளியே எடுங்கள். தனியாகப் போகத் தயக்கமா? பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள், கட்டாயம் வருவார்.