கல்லணையிடம் பாடம் கேட்டவர்

ஈப்போ, சிலிபின் வட்டாரத்தில் வளர்ந்த எனக்குக் காவிரி என்பது பாட்டி வாயால் கேட்ட பெயர் மட்டுமே. தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பேராக்கின் பழைய இரப்பர்த் தோட்டங்களில் ஏராளம். அவர்களுள் நானும் ஒருவன். அந்தக் காவிரியைப் பற்றித் தேடிப் படித்தபோது, கரிகால் சோழனுக்கு அடுத்து என் மனத்தில் நின்றவர் ஓர் ஆங்கிலேயர். அவர்தான் சர் ஆர்தர் காட்டன்.

1803ஆம் ஆண்டு மே 15இல் பிறந்த காட்டன், அடிஸ்கோம்ப் இராணுவப் பயிற்சிப் பள்ளியில் பயின்று, 1821இல் சென்னை வந்தார். முதல் பர்மியப் போரில் பணியாற்றிய பிறகு, காவிரிப் பாசனப் பணி அவரிடம் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

காவிரியின் நிலை அன்று கவலைக்குரியதாக இருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடம் தாழ்வானது. வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்வது. தெற்கே செல்லும் காவிரிதான் தஞ்சை வயல்களுக்கு உயிர். திருவரங்கத் தீவின் கீழ்முனையில் இரண்டும் மீண்டும் நெருங்கும் இடத்தில், காவிரி நீர் கொள்ளிடத்தில் விழாமல் காப்பது கல்லணை. ஆனால் காவிரியில் ஆண்டுதோறும் மணல் படிந்து படுகை மேடேறியது. நீர் கொள்ளிடத்தை நாடியது, வயல்கள் வறண்டன. 1804இல் கல்லணையின் உயரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். மணல் தேங்குவது நிற்கவில்லை.

காட்டன் பழைய அணையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முற்படவில்லை. முதலில் அதை ஒரு மாணவனைப் போல ஆராய்ந்தார். பாறையே தென்படாத ஆற்று மணலில் கற்களைப் போட்டு, அவை அமிழ்ந்து நிலைகொண்ட பின் மேன்மேலும் அடுக்கிக் களிமண்ணால் பிணைத்த அந்த உத்தி அவரை வியக்க வைத்தது. மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையைச் சோழ நாட்டுப் பழந்தச்சர்களிடமே தாம் கற்றதாக அவர் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படும் மக்களின் அறிவுக்குக் கடன்பட்டதை ஒப்புக்கொள்வது அக்காலத்தில் எளிதன்று.

1830ஆம் ஆண்டையொட்டி அவர் கல்லணையில் மணற்போக்கி மதகுகளை அமைத்தார். கல்லணை அப்படியே நின்றது. மணலுக்கு மட்டும் வழி கிடைத்தது. அடுத்து, 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், கிழக்கே கீழணையும் எழுந்தன. அதன்பின் காவிரிக்குள் நீர் மிகுதியாகப் பாய்ந்து படுகையை அரித்ததால், காவிரித் தலைப்பிலும் தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. ஆற்றைத் திருத்துவது ஒரே நாளில் முடிகிற வேலையன்று என்பதற்கு இதுவே சான்று.

கல்லணையில் கற்ற பாடத்தை அவர் கோதாவரிக்கும் கொண்டு சென்றார். பஞ்சத்தாலும் புயலாலும் சீரழிந்திருந்த அப்பகுதியில், 1847 முதல் 1852 வரை தவளேசுவரம் அணை கட்டப்பட்டது. இன்றும் கோதாவரி மாவட்டங்களில் ஊர்தோறும் அவருக்குச் சிலைகள் உண்டு. இரயில் பாதைகளைவிடக் கால்வாய்களுக்கே அரசு பணம் செலவிட வேண்டும் என்று வாதாடி, மேலிடத்தின் பகையையும் தேடிக்கொண்டார். 1861இல் சர் பட்டம் பெற்ற அவர், 1899 ஜூலை 24இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

காட்டனைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. பாசனம் பெருகினால் நிலவரி பெருகும் என்பது கும்பினியாரின் கணக்கு. மண் சுமந்த கூலிகளின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அணைகள் எழுந்த பிறகும் அந்த வளமான பூமியிலிருந்து நிலமற்ற ஏழைகள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். நீர் வந்தது, நிலம் அவர்களுக்கு வரவில்லை. நம் குடும்பங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆயினும், மரபைக் காப்பது எப்படி என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு விடை தருகிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. கரிகாலன் பெயர் தாங்கும் கல்லணையோ தலைமுறைதோறும் பழுது பார்க்கப்பட்டு இன்றும் நீர் பகிர்கிறது. பயன்பாட்டில் உள்ள மரபுச் சின்னத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைக்க முடியாது. அதன் இயல்பை அறிந்து, நாள்தோறும் பேணுவதே அதைக் காக்கும் வழி.

நம் பேராக்கிலும் 1906இல் நிறைவுற்ற புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கிரியான் நெல்வயல்களுக்கு இன்னும் நீர் தருகிறது. இம்மண்ணின் நாளைய பொறியாளர்கள் நம் பல்கலைக்கழகங்களில்தான் பயில்கிறார்கள். பழைய மதகு ஒன்று அவர்கள் கைக்கு வரும்போது, இடிக்கும் முன் அதனிடம் பாடம் கேட்கும் பணிவு அவர்களுக்கு வாய்க்கட்டும்.