டாக்டர் ரபியுத்தீன் அகமது

காஞ்சீபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவிலே பட்டுப் பாவு விரிக்கும் காட்சியைக் கண்டவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். நீண்டு கிடக்கும் பாவின் இரு புறமும் வீட்டார் நின்று, அறுந்த இழை எது, சிக்கின இழை எது என்று பார்த்துச் சரிசெய்த பின்னரே அது தறிக்குப் போகிறது. பாவிலுள்ள கோளாறு தறியில் ஏறின பிறகு வெளிப்பட்டால் சேலை முழுவதும் நஷ்டம் என்பது அத்தெருவில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதே வீட்டில் பெண்ணுக்கு முகூர்த்தம் நிச்சயமாகி, அவளுடைய எத்துப்பல்லைச் சீர்செய்ய வேண்டுமென்ற பேச்சு எழுந்தால், இந்தப் பரீக்ஷை புத்தி எங்கோ மறைந்துவிடுகிறது. தை மாதத்துக்குள் முடியுமா, எவ்வளவு செலவாகும் என்ற இரண்டே கேள்விகளுடன் பல் வைத்தியரிடம் ஓடுகிறோம். கிளிப் போடுங்கள் என்று கேட்கிறோம். முதலில் வாயை நன்றாய்ப் பாருங்கள் என்று கேட்பவர் வெகு சிலரே.

இவ்விஷயத்தை நினைக்குந்தோறும், நமது தேசத்தில் பல் வைத்தியத்தை ஒரு சாஸ்திரமாக நிலைநாட்டிய ஒரு பெரியாரின் ஜீவிய சரித்திரம் நமது ஞாபகத்துக்கு வருகிறது. அவரே டாக்டர் ரபியுத்தீன் அகமது. வங்காளத்தில் அவர் பெயர் விளங்கும் அளவு நமது பக்கத்தில் விளங்கவில்லை என்பது வருந்தத் தக்கது.

கிழக்கு வங்காளத்திலுள்ள பர்தன்பாரா என்னும் ஊரில் 1890-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி அவர் ஜனித்தார். அலிகாரில் கல்வி பயின்று, 1909-ல் அமெரிக்கா சென்றார். அக்காலத்தில் இந்திய வாலிபர்கள் கப்பலேறினால் பாரிஸ்டர் பட்டத்துக்கோ, சிவில் சர்வீஸ் பரீக்ஷைக்கோ போவதுதான் வழக்கம். பல்லைப் பற்றிப் படிப்பதற்காக ஒருவன் சமுத்திரம் கடந்தான் என்றால் ஊரார் நகைத்திருப்பார்கள். அகமது ஐயோவா சர்வகலாசாலையில் கற்று, 1915-ல் பல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் 1918 வரை பாஸ்டன் நகரத்தில் போர்ஸைத் என்னும் குழந்தைகள் பல் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்தார்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழைக் குழந்தைகளுக்கென்றே 1914-ல் திறக்கப்பட்ட அவ்விடத்தில், பல்லோடு நில்லாமல் குழந்தையின் மூக்கையும் தொண்டையையும் பார்ப்பார்கள். மூக்கின் பின்புறத்துச் சதை வீங்கி அடைத்துக்கொண்டால் குழந்தை வாயாலேயே மூச்சு விடும். அப்படியே வருஷக் கணக்காய் விட்டுவந்தால் மேல் தாடை குறுகி, முன் பற்கள் வெளியே தள்ளக்கூடும். காரணத்தை நோக்காமல் பல்லை மட்டும் கம்பியால் உள்ளே இழுத்தால், கம்பியைக் கழற்றிய பின் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். விரல் சூப்புதல், நாக்கால் பல்லைத் தள்ளுதல் ஆகிய பழக்கங்களும் இத்தன்மையனவே.

பல் வரிசையைத் திருத்தும் கலையின் தந்தையென்று போற்றப்படும் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கர், மேல் கீழ்க் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தைக் கொண்டு கோணல்களை வகைப்படுத்தி 1899-ல் வெளியிட்டார். முதலில் வகையறி, பின்பு கையை வை என்ற முறைக்கு அஸ்திவாரம் போட்டவர் அவரே. ஆயினும் எந்தப் பல்லையும் பிடுங்கலாகாது என்று அவர் பிடிவாதமாய் இருந்தார். அவர் காலத்துக்குப் பின், அவருடைய மாணாக்கரான சார்லஸ் ட்வீட் தாம் சிகிச்சை செய்தவர்களைத் திரும்பப் பார்த்தபோது, பல் வரிசை ஒழுங்காகியும் பலருக்கு முகம் முன்தள்ளி நிற்பதையும், பற்கள் மறுபடி கலைவதையும் கண்டார். அவர்களில் பலருக்கு நான்கு பற்களை எடுத்துவிட்டு, மீண்டும் சிகிச்சை செய்தார். குருவும் சிஷ்யனும் சாமானியர்களல்லர். தாடை எலும்பையும் முகத்தையும் பல்லோடு சேர்த்து அளக்கவில்லை என்பதே கோளாறு. தலையின் பக்கவாட்டு எக்ஸ்-ரே எடுத்து அளக்கும் முறையை 1931-ல் பிராட்பென்ட் என்பவர் வெளியிட்ட பின்னரே இந்தக் குறை தீர வழி பிறந்தது. பெரிய வைத்தியருக்கே இந்தக் கதியென்றால், ஐந்து நிமிஷம் வாயைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கம்பி கட்டும் இடங்களைப் பற்றி நாம் என்ன சொல்வது!

நிற்க. அகமது 1919-ல் தாயகம் திரும்பினார். மறு வருஷமே கல்கத்தாவில் ஒரு பல் வைத்தியக் கலாசாலையைத் தொடங்கினார். இந்தியாவில் இதுவே முதலாவது. பணத்துக்கு என்ன செய்தார் என்பதுதான் இச்சரித்திரத்தில் நமக்கு மிகவும் பிடித்த பாகம். நியூயார்க் சோடா பவுண்டன் என்ற பெயரில் ஒரு கடை வைத்தார்! கல்கத்தாவாசிகள் வெயிலுக்குக் குளிர்பானம் அருந்த, அந்த லாபத்தில் கலாசாலை நடந்தது. தானமும் மான்யமும் வரட்டுமென்று காத்திருக்கும் நமது ஸ்தாபன கர்த்தாக்கள் இதைக் கவனிப்பார்களாக. ஜனாப் ஜின்னாவின் சகோதரி பாத்திமா அம்மையார் அங்கே கற்றவரே. 1923-ல் அவர் பம்பாயில் சொந்தமாகப் பல் வைத்தியசாலை திறந்தார். ஆரம்பத்தில் சொற்பகாலமாயிருந்த படிப்பு, நாளடைவில் நான்கு வருஷமாக உயர்ந்தது. 1925-ல் அகமது பல் வைத்தியத்துக்கென ஒரு பத்திரிகையைத் தொடங்கி, இருபது வருஷத்துக்கு மேல் அதன் ஆசிரியராயிருந்தார். 1928-ல் மாணவர்களுக்குக் கைப்புத்தகமும் எழுதி வெளியிட்டார்.

அன்றைய நிலைமையில் குறடு ஒன்று கையிலிருந்தால் எவனும் பல் வைத்தியன். சந்தையிலும் கோயில் வாசலிலும் உட்கார்ந்து பிடுங்கினவர்கள் எத்தனையோ பேர். இவர்களிடம் ஜனங்கள் போனதற்கு ஜனங்களைக் குறை கூறுவதில் பயனில்லை; வேறு யார் இருந்தார்கள்? கற்றவர்களை உண்டாக்குவதும், கற்றவர்களையே சட்டம் அங்கீகரிக்கச் செய்வதும் ஆகிய இரண்டையும் அகமது தலைமேற்கொண்டார். வங்காளத்தில் 1939-லும், தேசம் முழுவதற்கும் 1948-லும் பல் வைத்தியர் சட்டங்கள் பிறந்தன. பட்டமில்லாவிடினும் ஐந்து வருஷம் அத்தொழிலாலேயே ஜீவனம் செய்துவந்தவர்களைத் தனிப் பதிவில் சேர்த்துக்கொள்ள 1948-ம் வருஷச் சட்டம் இடமளித்தது. இது நியாயமான ஏற்பாடென்றே நாம் கருதுகிறோம். அச்சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் பார்லிமெண்டு புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியிருக்கிறது.

சட்டம் கற்ற கையைக் கொடுத்தது. அந்தக் கை என்ன பார்க்க வேண்டும் என்று நமது வாசகர்கள் அறிந்திருப்பது நலம். ஈறில் சீழும் ரத்தக் கசிவும் இருக்கையில் கம்பி கட்டினால், பல்லைத் தாங்கும் எலும்பு விரைவில் கரையும். ஆகவே முதலில் ஈறு ஆற வேண்டும், சொத்தை அடைபட வேண்டும். முளைக்காமல் எலும்புக்குள் புதைந்த கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரை அரித்துக்கொண்டிருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்-ரேயில்தான் தெரியும். நீரிழிவு உண்டா, எலும்புத் தேய்வுக்கு மருந்து உட்கொள்ளுகிறாரா என்பதைக் கேட்டே அறிய வேண்டும். பல் வரிசையின் அச்சு எடுத்து, முகத்தைப் படம் பிடித்து, இவையாவையும் எதிரில் வைத்துக்கொண்டு யோசித்த பின்னரே காலமும் செலவும் சொல்ல முடியும். சாதாரணமாக ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கிற காரியத்தை மூன்று மாத முகூர்த்தத்துக்குள் அடக்கச் சொல்லுவது வைத்தியரையும் தப்பான வழியில் தள்ளுவதாகும்.

அகமது கல்கத்தா நகரசபையில் அங்கம் வகித்தார். 1949-ல், தாம் வளர்த்த கலாசாலையைப் பொது உடைமையாக ஒப்புவித்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1950 முதல் 1962 வரை மேற்கு வங்க மந்திரி சபையிலிருந்தார். 1964-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1965-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 9-ந் தேதி காலமானார்.

கல்கத்தாவுக்கு முப்பத்து மூன்று வருஷம் பிந்தி, 1953-ல்தான் சென்னையில் சர்க்கார் பல் வைத்தியப் படிப்பு ஆரம்பமாயிற்று. காஞ்சீபுரத்து நெசவாளர் அங்கே தம் குழந்தையை அழைத்துப் போனால் ஒரு நாள் கூலி போகும். பரீக்ஷைக்கு ஒரு தடவை, படத்துக்கு ஒரு தடவை என்று அலைய நேர்ந்தால் அதற்கு மேலும் போகும். இந்த முறையீட்டை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2013 முதல் மத்திய சர்க்கார் திட்டத்தில் வைத்தியக் குழுவினர் சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதித்து வருகிறார்கள். பற்சொத்தையும் அவர்கள் பார்க்கவேண்டிய ஜாபிதாவில் உண்டு. ஏழு வயதுக் குழந்தை வாயால் மூச்சு விடுகிறதா, மேலும் கீழும் பற்கள் பொருந்துகின்றனவா என்பதையும் அவர்கள் கவனித்துப் பெற்றோருக்கு எழுதிக் கொடுத்தால், கலியாணம் நிச்சயமாகும் வரை ஒருவரும் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம் என்பது நமது யோசனை.